குக்ரியின் கேப்டன்: 1971 டிசம்பர் 9 இரவு

எங்கள் ஊர்ப் படிப்பகத்துப் பையன்கள் ஒரு வருடம் டிசம்பர் 4ஆம் தேதி, கடற்படை தினத்துக்கு, முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மூழ்கிக்கொண்டிருக்கும் போர்க்கப்பல். அதன் உச்சியில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அதிகாரி. விரலிடுக்கில் சிகரெட், அதிலிருந்து பாதி வானம் வரை சுருண்டு போகும் புகை. கீழே கொட்டை எழுத்தில் 'கேப்டன் மகேந்திர நாத் முல்லா, மகாவீர் சக்ரா'. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவர் கடலுக்குப் போவார். தெருவுக்கு ஒருவர் நேவியிலோ மெர்ச்சன்ட் நேவியிலோ இருப்பார். அதனால் வடநாட்டு அதிகாரி ஒருவரின் படம் எங்கள் முக்கில் தொங்குவது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

என் பெரியப்பா மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்படையில் பதினைந்து வருடம், தண்ணீருக்குள் ஒலியால் தேடும் சோனார் பிரிவில் வேலை பார்த்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான் சேர்ந்தார். அந்தப் போரில் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்த, முல்லாவின் கப்பலான குக்ரியைக் கண்ணால் கண்டவரில்லை. "படம் ஜோராத்தான் இருக்கு மக்களே. ஆனா கப்பல் எப்படிப் போச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கானே" என்றார்.

அந்தப் பேச்சுதான் என்னை இதில் இறக்கிவிட்டது. குக்ரி விஷயத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கப்பல் ஏன் மூழ்கியது என்பது ஒன்று. கேப்டன் ஏன் இறங்கவில்லை என்பது இன்னொன்று. நாம் இரண்டாவது கேள்வியின் அழகில் மயங்கி முதல் கேள்வியை அப்படியே மூடிவைத்துவிடுகிறோம். இரண்டையும் சேர்த்தே பார்த்தால்தான் அந்த மனிதர் முழுசாகத் தெரிவார் என்பது என் எண்ணம்.

ஆள் யார்

முல்லா பிறந்தது 1926 மே 15, உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர். சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத ஊர். வக்கீல்களும் நீதிபதிகளும் நிறைந்த காஷ்மீரிக் குடும்பம். அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் கறுப்புக் கோட்டை விட்டுவிட்டு வெள்ளைச் சீருடைக்குப் போனது எப்படி என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் கடலுக்குப் போகாமல் வக்கீலுக்குப் படிப்பவனைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள், அங்கே தலைகீழ்.

1946 தொடக்கத்தில் அவர் அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் கேடட்டாகச் சேர்ந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதிதான் பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் மாலுமிகள் சாப்பாட்டைப் புறக்கணித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாட்களில் அது கராச்சி வரை பரவியது. மோசமான சோறும், அதிகாரிகள் வாயில் வந்த வசவும்தான் உடனடிக் காரணம். அதிகாரிக்கும் மாலுமிக்கும் நடுவே இருந்த உறவு கிழிந்து தொங்கிய நேரத்தில் அதிகாரியாகப் போனவர் முல்லா. இருபத்தைந்து வருடம் கழித்து அவர் தன் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமியிடம் கொடுத்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1946 ஞாபகம் வரும். இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஞாபகம் வரும்.

1948 மே 1இல் அதிகாரியாக நியமனம். அப்புறம் கப்பல்கள், கரைத் தளங்கள், லண்டனில் இந்தியத் தூதரகப் பணி என்று வழக்கமான ஏணிப்படிகள். 1971இல் ஐஎன்எஸ் குக்ரியின் தலைவராகவும், 14ஆவது ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் அணியின் மூத்த அதிகாரியாகவும் இருந்தார். வயது 45. பம்பாயில் மனைவியும் இரண்டு மகள்களும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரிலேயே இதில் குழப்பம் உண்டு. தரைப்படையில் கேப்டன் என்றால் இளம் அதிகாரி. கடற்படையில் அது கர்னலுக்குச் சமமான பதவி. போதாததற்கு, எந்தப் பதவியில் இருந்தாலும் கப்பலை நடத்துகிறவரைக் கேப்டன் என்றே கூப்பிடுவார்கள். முல்லா இரண்டு அர்த்தத்திலும் கேப்டன். ஒரு கப்பல் மட்டும் அவர் பொறுப்பில் இருக்கவில்லை, ஓர் அணியே இருந்தது.

மூன்று ஆயுதப் பெயர்கள்

அந்த அணியின் கப்பல்களுக்கு ஆயுதங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். குக்ரி, கூர்க்காக்களின் வளைந்த கத்தி. கிர்பான், சீக்கியர்களின் குறுவாள். குதார் என்றால் கோடரி. நம் பழைய நூல்களில் வரும் 'குடாரம்' அதுதான். மூன்றும் பிரிட்டனில் கட்டப்பட்ட பிளாக்வுட் வகைக் கப்பல்கள். குக்ரி 1958இல் கடற்படைக்கு வந்தது.

பிளாக்வுட் வகை என்பது செலவைச் சுருக்கிக் கட்டியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, நீர்மூழ்கிகளை வேட்டையாடவென்றே, நிறையக் கட்டவேண்டும் என்ற கணக்கில் பிரிட்டிஷார் வரைந்த சிறிய ஃபிரிகேட். ஒரே ஒரு சுழல்விசிறித் தண்டு. கடலுக்குள் வெடிகளை வீசும் 'லிம்போ' மோர்ட்டார்கள் இரண்டு. விமானங்களை விரட்டச் சில 40 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். அதன் உயிர்நாடி அடிவயிற்றில் இருந்த சோனார். 1950களின் நீர்மூழ்கிகளுக்கு அது பொருத்தமான எதிரி. 1971இல் கடலுக்கு அடியில் இருந்தது வேறு தலைமுறை.

பாகிஸ்தானிடம் அப்போது பிரான்ஸ் கட்டிய தாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன: ஹாங்கோர், ஷுஷுக், மாங்ரோ. ஹாங்கோர் சேவைக்கு வந்தது 1969 டிசம்பரில். அதாவது புது நீர்மூழ்கி. சத்தம் குறைவு, காது கூர்மை. குக்ரி அதைவிடப் பதினோரு வயது மூத்தது. வயசு மட்டும் தோல்விக்குக் காரணமாகாது, ஆனால் கடலுக்குள் கேட்கும் கருவிகளில் பதினோரு வருடம் என்பது ஒரு யுகம்.

கண்ணில் பட்டும் சுடமுடியாத இரவு

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கியதில் போர் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின இரவே ஹாங்கோர் பம்பாய்க்கு வெளியே கடலடியில் பதுங்கியிருந்தது. துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய இந்தியக் கப்பல் கூட்டம் தன் தலைக்கு மேலேயே கடந்து போனது என்றும், போர் தொடங்காததால் சுட அனுமதி இல்லை என்றும் அதன் தலைவர் அகமது தஸ்னிம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் முந்தியிருந்தால் இந்தக் கட்டுரையில் வேறு கப்பல்களின் பெயர்கள் இருந்திருக்கும்.

4ஆம் தேதி இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கே போய் அடித்தன. கைபர் என்ற நாசகாரியும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. நம் கடற்படை தினம் அந்த இரவின் நினைவுதான். 8ஆம் தேதி இரவு மறுபடியும் கராச்சி, கியாமாரி எண்ணெய்க் கிடங்குகள். கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஹாங்கோர் இன்னும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அது கராச்சிக்கு அனுப்பிய வானொலிச் செய்திகளின் திசையை இந்தியத் தரப்பு பிடித்தது. குஜராத் கரையில் டையூவுக்குத் தென்மேற்கே சுமார் 35 மைலில் ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்ததும், 14ஆவது அணியை அனுப்பினார்கள். அணியில் மூன்று கப்பல்கள் என்றாலும் குதார் இயந்திர அறைக் கோளாறில் முடங்கி, போரின் தொடக்கத்திலேயே பம்பாய்க்கு இழுத்துவரப்பட்டிருந்தது. ஆக டிசம்பர் 8இல் வேட்டைக்குக் கிளம்பியவை குக்ரியும் கிர்பானும் மட்டும்.

எங்கள் மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆட்களிடம் டையூ என்று சொன்னால் விளக்கவே வேண்டாம். சூறை, சுறா தேடி மாதக்கணக்கில் தங்கலுக்குப் போகிறவர்கள் குஜராத்துக் கடலைத் தங்கள் கொல்லைப்புறம் மாதிரிப் பேசுவார்கள். என் மச்சான் ஒருவர் அப்படிப்பட்ட படகில் டிரைவர். "வெராவலுக்கும் டையூவுக்கும் நேரே விலங்கப் போனா, ரொம்ப தூரம் வரைக்கும் ஆழம் கம்மிதான். அதுக்கப்புறம்தான் சடார்னு இறங்கும்" என்பார். அந்தக் கரையோரக் கடல்திட்டு அகலமானது என்பது உண்மை. ஆழம் குறைந்த இடத்தில் நீர்மூழ்கியால் அதிகம் இறங்கி ஒளிய முடியாது. அதேசமயம் தரையிலும் மேற்பரப்பிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் தேடுகிறவனின் காதைக் குழப்பும். யாருக்கு லாபம் என்பது யாருடைய கருவி நல்லது என்பதைப் பொறுத்தது.

தண்ணீருக்குள் காது

பெரியப்பா இந்தப் பகுதிக்கு வந்தால் நிறுத்தவே மாட்டார். நான் சுருக்கப் பார்க்கிறேன், ஆனால் முழுக்கச் சுருக்க மாட்டேன். குக்ரி போனதன் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல். சோனார் ஒரு கூவலை அனுப்பிவிட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று காத்திருக்கும். இங்கேதான் சிக்கல். கூவல் போய்த் திரும்பவேண்டும், அதாவது இரண்டு மடங்கு தூரம். பதுங்கியிருப்பவனுக்கோ போகிற கூவல் மட்டும் கேட்டால் போதும். இருட்டுக் கடலில் பெட்ரோமாக்ஸ் ஏற்றிவைத்து மீன் பார்க்கும் வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குள் வரும் மீன்தான் வள்ளக்காரன் கண்ணில் படும். அந்த வள்ளமோ கரையில் நிற்பவனுக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் கடலின் குணம். சிப்பி எடுக்க முங்குகிற எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்வார்கள், ஒரு ஆழத்தில் நெஞ்சு வரை வெதுவெதுப்பாகவும் காலில் ஐஸ் வைத்ததுபோலவும் இருக்கும் என்று. ஆனி, ஆடியில் அடித்தண்ணீர் மேலே ஏறிவரும் காலத்தில் அது இன்னும் கூர்மை. இந்தச் சூட்டு அடுக்கும் குளிர் அடுக்கும் சந்திக்கிற இடத்தில் ஒலி நேராகப் போகாமல் வளைந்துவிடும். அடுக்குக்குக் கீழே இருப்பவன் மேலே கூவுகிறவனுக்கு அகப்பட மாட்டான். குளிர்ந்த வட அட்லாண்டிக் கடலை மனதில் வைத்துச் செய்த சோனார்கள் வெப்பக் கடல்களில் பாதி செவிடாகிப்போனது இப்படித்தான். குக்ரியின் சோனாருக்கு இங்கே எட்டியது சில ஆயிரம் கஜம். தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலை அடிக்கும் ஹாங்கோரின் டார்பிடோ அதற்கு வெளியிலிருந்தே புறப்பட முடியும்.

இதைத் தெரியாதவர்கள் யாரும் அன்று கடற்படையில் இல்லை. தெரிந்துதான் அனுப்பினார்கள், தெரிந்துதான் போனார்கள். "வேற கப்பல் இல்ல மக்களே, இருக்கிறதை வச்சுத்தான் போகணும்" என்பார் பெரியப்பா. சீ கிங் ஹெலிகாப்டர்கள் அந்த வருடம்தான் வந்து சேர்ந்திருந்தன. எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. ஹெலிகாப்டர் தன் சோனாரைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கும். அதை டார்பிடோவால் தொட முடியாது. குக்ரி அடிபட்ட நேரத்தில் அதன் தலைக்கு மேலே அப்படி ஒன்று இருக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் முதல் குற்றச்சாட்டு அந்த ஏற்பாட்டின் மேல்தான். கேப்டன் நின்று கப்பலை நடத்தும் பிரிட்ஜுக்கு அப்புறம்தான் வரவேண்டும்.

பன்னிரண்டு நாட்

சரி, பிரிட்ஜுக்கு வருவோம்.

குக்ரியில் ஒரு இளம் மின்னியல் அதிகாரி இருந்தார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து, சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்தவர். அந்தக் கருவியைப் போரிலேயே வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு அந்த வேட்டையில் வந்தது. ஆனால் அது சரியாகக் கேட்கவேண்டுமானால் கப்பல் மெதுவாகப் போகவேண்டும். வேகம் கூடினால் விசிறியின் இரைச்சலும் கப்பலின் தோலை உரசும் தண்ணீரின் இரைச்சலும் சேர்ந்து காதை அடைத்துவிடும். நம் ஊரிலும் என்ஜினை நிறுத்திவிட்டுத்தானே தூரத்துப் படகின் சத்தத்தைக் கேட்கிறோம்.

நீர்மூழ்கி இருக்கும் கடலில் போர்க்கப்பல் போகும் முறைக்கு இது நேர் எதிர். வேகமாகப் போ, வளைந்து வளைந்து போ என்பது பாலபாடம். டார்பிடோவைக் குறிவைப்பவன் கப்பலின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டுத்தான் ஏவுகிறான். இரண்டையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அவன் கணக்கு பிசகும். குக்ரி அன்று மாலை சுமார் 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்) வேகத்தில், ஒழுங்கான தேடல் கோடுகளில் போய்க்கொண்டிருந்தது. இந்த வகைக் கப்பலால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓட முடியும்.

இது முல்லாவின் முடிவு. இதை மெழுகிப் பூசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வேகமாகப் போனால் தான் பத்திரம், ஆனால் நீர்மூழ்கி அகப்படாது. அதை அகப்படுத்தத்தான் அனுப்பியிருக்கிறார்கள். கையில் இருக்கும் சோனாருக்கு எட்டாது. எட்டவைக்கக்கூடும் என்று ஒரு கருவி இருக்கிறது. அது வேலைசெய்தால் வேட்டைக்காரன், செய்யாவிட்டால் இரை. பெரியப்பாவிடம் நேராகக் கேட்டேன், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. "கருவியைப் போட்டுப் பாத்திருப்பேன். ஆனா கோடு போட்ட மாதிரிப் போயிருக்க மாட்டேன்" என்றார். அம்பது வருடம் கழித்து, டீக்கடை பெஞ்சிலிருந்து சொல்கிற பதில் என்பதும் அவருக்குத் தெரியும்.

எட்டு ஐம்பது

ஹாங்கோர் இரண்டு கப்பல்களையும் பல மணி நேரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. துரத்திப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. ஆனால் கப்பல்கள் ஒரே ஒழுங்கில் தேடிவந்ததால், அவை வரும் வழியில் போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்று அதன் தலைவர் கணக்குப் போட்டார். இருட்டியதும் ஆழத்துக்கு இறங்கி, காதை மட்டும் நம்பித் தாக்கினார்கள்.

முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி ஏவப்பட்டது. அது கப்பலுக்கு அடியில் போய் வெடிக்காமலே கடந்துவிட்டது. இரண்டாவது குக்ரிக்கு. அது வெடித்தது. குக்ரி தாக்க வேகமெடுத்து ஹாங்கோர் பக்கம் திரும்பியது என்பது பாகிஸ்தான் தரப்புச் சொல்வது. ஒரே டார்பிடோ, அதைத் தொடர்ந்து கப்பலின் வெடிமருந்துக் கிடங்கே வெடித்தது என்கிறார்கள் அவர்கள். நம் தரப்பு விருதுக் குறிப்பு 'டார்பிடோக்கள்' என்று பன்மையில் சொல்கிறது. மேலே இருந்தவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பு கேட்டது. எது டார்பிடோ, எது சொந்தக் கிடங்கு என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் யார் இருந்திருப்பார்கள். நேரம் இரவு சுமார் 8:50.

விளக்குகள் போயின. கப்பல் சாய்ந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் இருந்தவன் இருட்டில், சாய்ந்த தரையில், ஏணியைத் தேடி, குறுகிய வாய்வழியாக மேலே வரவேண்டும். ஏணிக்கு ஒரு ஆள் என்றால் எத்தனை பேர் வர முடியும். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அந்தக் கப்பலோடு போனார்கள், மொத்தம் 194. அந்தக் கருவியைக் கொண்டுவந்த இளம் அதிகாரியும் அவர்களில் ஒருவர். பிழைத்தவர்கள் 67 பேர். நாலில் ஒருவர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. அடுத்தது 1982இல், ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ.

நாற்காலி

இப்போது அந்த ஃபிளெக்ஸுக்கு வரலாம்.

மகாவீர் சக்ரா விருதுக் குறிப்பு சொல்வதன் சாரம் இது. கப்பலைக் கைவிட உத்தரவிட்ட பின் முல்லா பதறாமல், முறையாக ஆட்களை மிதவைகளுக்கு அனுப்பினார்; தன் உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார்; முடிந்தவரை ஆட்களை இறக்கிய பின், இன்னும் யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்க மறுபடி பிரிட்ஜுக்குப் போனார்; கப்பலோடு கீழே போனது கடைசியாகத் தெரிந்தது.

இதைப் படிக்கும்போது இருபது நிமிடம் நடந்த காரியம் மாதிரித் தோன்றும். இருந்ததோ இரண்டு மூன்று நிமிடம். அதற்காகக் குறிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குள் செய்யக்கூடியது என்ன என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் செயல்கள் இன்னும் கனக்கின்றன. உத்தரவு கொடுக்க அரை நிமிடம். தன் பக்கத்தில் நின்ற இளம் அதிகாரிகளைக் கடலில் தள்ளிவிட ஒரு நொடி. பிரிட்ஜில் இருந்து அப்படித் தள்ளப்பட்டுப் பிழைத்தவர்கள் பின்னால் அதைச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி நீட்ட இன்னொரு நொடி. அவரும் குதித்திருக்கலாம், வழி இருந்தது, நேரமும் சற்று இருந்தது. தண்ணீரிலிருந்து திரும்பிப் பார்த்தவர்கள் அவர் தன் இருக்கையில் இருந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள்.

சிகரெட்? இதில் எனக்கு ஒரு சின்னப் பிடிவாதம் வந்துவிட்டது. அந்த இரவில் தண்ணீரில் கிடந்தவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? 1971 டிசம்பர் 2 பௌர்ணமி. 9ஆம் தேதி தேய்பிறை ஏழோ எட்டோ. அன்றைக்கு நிலா எழ நள்ளிரவு நெருங்கிவிடும். எட்டு ஐம்பதுக்குக் கடல் கும்மிருட்டு. கப்பலில் மின்சாரம் இல்லை. தண்ணீரில் எண்ணெய் படர்ந்து கண் எரிகிறது. இப்படி அடுக்கிக்கொண்டே போனேன், பெரியப்பா சிரித்தார். "கும்மிருட்டுலதான்லே சிகரெட்டு கங்கு தெரியும்" என்றார். போர்க்காலத்தில் கப்பலில் வெளிவிளக்கு ஏற்றவிடமாட்டார்கள், ஒரு சிகரெட்டுகூடக் கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான் மேல்தளத்தில் அதற்கும் தடை என்றார். ஆக, என் வாதம் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. அந்தக் கங்கை நான் நிரூபிக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. நாற்காலி போதும் எனக்கு.

கேப்டன் கப்பலோடு சாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடைசியாக இறங்கவேண்டும் என்பதுதான் மரபு. அந்தக் கடைசி ஆள் இறங்கும்வரை காத்திருப்பது என்றால், கீழே இருட்டில் நூற்றைம்பது பேருக்கு மேல் அடைபட்டிருக்கும் கப்பலில் கடைசி ஆள் எப்போது இறங்குவான்? மரபை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் முல்லாவுக்கு இறங்கும் முறை வரவே இல்லை. 12 நாட் என்ற உத்தரவும் அவர் மனதில் இருந்திருக்கலாம். இது என் ஊகம், இதற்கு மேல் அந்த மனதுக்குள் போக எனக்கு உரிமை இல்லை.

கிர்பான்

கிர்பான் ஏன் நின்று ஆட்களை எடுக்கவில்லை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எங்கள் ஊரில் இந்தக் கேள்வி கொஞ்சம் சூடாகவே வரும். கடலில் ஒருவன் விழுந்தால் வலையை அறுத்துவிட்டாவது போவது இங்கே வழக்கம். போகாதவனை ஊர் சும்மா விடாது.

ஆனால் 1914 செப்டம்பர் 22ஐப் பாருங்கள். வடகடலில் அபூக்கிர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. உதவிக்கு ஹோக் நெருங்கியது, அதையும் அடித்தது. க்ரெஸ்ஸி ஆட்களை எடுக்க நின்றது, அதையும் அடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்கள், 1400க்கும் அதிகமான உயிர்கள். நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் நின்று ஆட்களை எடுக்கக்கூடாது என்ற பாடம் அந்த ரத்தத்தில் எழுதியது. கிர்பானை நோக்கி ஏற்கெனவே ஒரு டார்பிடோ வந்திருந்தது, பின்னும் ஒன்று வந்தது. கிர்பான் வீசிய மோர்ட்டாரிலும் கோளாறு. விலகிப் போனது. தண்ணீரில் கிடந்தவர்கள் அந்தக் கப்பல் போவதைப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றோடொன்று சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

இரவு முழுக்க மிதவைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை 10ஆம் தேதி வேறொரு கடற்படைக் கப்பல் வந்து எடுத்தது. கப்பல்களும் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நாட்கணக்கில் ஹாங்கோரைத் தேடின. அது தப்பிக் கராச்சி போய்ச் சேர்ந்தது. 16ஆம் தேதி டாக்காவில் சரணடைவு, மறுநாள் மேற்கிலும் போர்நிறுத்தம்.

தஸ்னிமுக்குப் பாகிஸ்தான் சித்தாரா-இ-ஜுரத் கொடுத்தது. அவர் வைஸ் அட்மிரல் வரை உயர்ந்தார். டிசம்பர் 9ஐ அவர்கள் ஹாங்கோர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். 2006இல் ஓய்வுபெற்ற ஹாங்கோர் இப்போது கராச்சி அருங்காட்சியகத்தில் கரையேறி நிற்கிறது. இந்தப் பக்கம் டையூவில், கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் சிறிய உருவம் இருக்கிறது. அதே பெயரில் 1989இல் வந்த இரண்டாவது குக்ரியும் 2021 டிசம்பரில் ஓய்வுபெற்று, அருங்காட்சியகமாக டையூவுக்கே போய்விட்டது.

மச்சான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். ஒருமுறை என்ஜின் கோளாறில் படகு வெராவலில் கிடந்தபோது பஸ் பிடித்து டையூ போனாராம். கப்பலை ரொம்பச் சின்னதாகச் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் ஒக்கிப் புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 2017 நவம்பர் 30க்குப் பிறகு அவர் ஊரில் உடல் கிடைக்காத வீடுகள் எத்தனையோ. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு குழி இல்லாமல், மணலில் ஏற்றிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அந்த நூத்தித் தொண்ணூத்து நாலு வீட்டுலயும் அப்படித்தானே அத்தான் இருந்திருக்கும்" என்றார்.

போன வருடம் படிப்பகத்துப் பையன்கள் புது ஃபிளெக்ஸுக்கு வாசகம் கேட்டுப் பெரியப்பாவிடம் வந்தார்கள். படத்தை மாற்ற வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சேருங்கள் என்றார். '18 அதிகாரிகள், 176 மாலுமிகள்' என்று போட இடம் பத்தவில்லை. ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் சிகரெட் புகையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் போட்டுக் கொடுத்தார்.